குரோஷிய மொழி இலக்கணம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

குரோஷிய மொழியைக் கற்கத் தொடங்கும் தமிழர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தாம் வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முதலில், வம்பானவை பிறகு. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

தமிழ் எழுத்துலயே எழுதி வச்சுப் படிச்சா போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் விளக்கத்துக்காக மட்டுமே குரோஷியச் சொற்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். ப என்று இங்கே பார்த்தால் அது இரண்டு வேறு ஒலிகளில் எதுவாகவும் இருக்கலாம். க, த ஆகியவற்றுக்கும் அதே கதி. ஸ, ஷ இரண்டிலும் அதிர்வுள்ளது, அதிர்வில்லாதது என்று இரட்டை ஒலிகள் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குரோஷிய எழுத்துகள் மொத்தம் 30. லியூதெவித் காய் என்ற மொழியறிஞர் 1830இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்பதே அடிப்படை. மூன்று எழுத்துகள் மட்டும் இரண்டு குறிகள் சேர்ந்தவை. ச்ச ஒலிக்கு இரண்டு எழுத்துகள் இருப்பதுதான் பெரிய தலைவலி. பேச்சில் அந்த வேறுபாட்டைக் காட்டாத குரோஷியர்களே பலர் உண்டு. எழுத்தில் மட்டும் மாற்றி எழுதினால் பிழை.

செர்பிய மொழிப் புத்தகம் ஒண்ணு கையில இருக்கு. அதை வச்சுக் கத்துக்கலாமா?

வேற்றுமை, வினை அமைப்பு எல்லாம் பெரும்பாலும் ஒன்றே, எனவே புரிந்துகொள்ள உதவும். ஆனால் அதைப் பார்த்து எழுதினால் மூன்று இடங்களில் குரோஷியர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முதலாவது, பால் என்பது குரோஷியத்தில் ம்லியேக்கோ, செர்பியாவில் பரவலாக ம்லேக்கோ. இரண்டாவது, ‘போக வேண்டும்’ என்பதற்குக் குரோஷியம் மோரம் இச்சி என்று வினையின் மூல வடிவத்தை வைக்கும். செர்பியம் மோரம் த இதெம் என்று உட்தொடராக்கும். மூன்றாவது, எதிர்காலத்தைக் குரோஷியத்தில் பிரித்து எழுத வேண்டும், செர்பியத்தில் சேர்த்து எழுதுவார்கள்.

பொது மொழி, ‘என்ன’ என்பதற்கு ஷ்தோ என்று சொல்லும் வழக்கை அடிப்படையாகக் கொண்டது. தலைநகர் ஸாக்ரெபில் அதற்குக் காய் என்றும், கடற்கரை ஊர்களிலும் தீவுகளிலும் ச்சா என்றும் கேட்டால் குழம்ப வேண்டாம். அந்தச் சொற்களாலேயே வட்டார வழக்குகளுக்குப் பெயர் வந்தது.

மொத்தம் எத்தனை வேற்றுமை? நம்ம எட்டோட பொருந்துமா?

ஏழு. நம் எட்டும் இந்த ஏழில் அடங்கிவிடுகின்றன. அவர்கள் சொல்லும் வரிசையில் நோமினதீவ் நம் முதல் வேற்றுமை, தாதீவ் நான்காம் வேற்றுமை (கு), அக்குஸதீவ் இரண்டாம் வேற்றுமை (ஐ), வொக்கதீவ் விளி, லொக்கதீவ் ஏழாம் வேற்றுமை (இல்), இன்ஸ்த்ருமெந்தல் மூன்றாம் வேற்றுமை (ஆல், ஓடு). வரிசையில் இரண்டாவதாக வரும் கெனித்தீவ் மட்டும் இரட்டை வேலை செய்கிறது: உடைமைப் பொருளில் ஆறாம் வேற்றுமையாகவும், இஸ், ஓத் (‘இருந்து’) போன்று பெயருக்கு முன்னால் வரும் முன்சொற்களோடு சேர்ந்தால் ஐந்தாம் வேற்றுமையாகவும் நிற்கும். நீங்கல் மட்டுமல்ல, ஒப்புப் பொருளும் அதில்தான்: அண்ணனைவிட உயரமானவன் என்பது விஷி ஓத் ப்ராத்த.

இன்னொரு நிம்மதி: ஒருமையில் தாதீவும் லொக்கதீவும் ஒரே வடிவம். பன்மையில் இன்ஸ்த்ருமெந்தலும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். லொக்கதீவ் முன்சொல் இல்லாமல் வரவே வராது, எனவே படிக்கும்போது பிரித்தறிவது சிரமமில்லை.

அப்போ சொல்லுக்குப் பின்னாடி உருபை ஒட்டினா வேலை முடிஞ்சதா?

இங்கேதான் தமிழர்கள் தடுக்குகிறார்கள். தமிழில் ஊர்-கள்-உக்கு என்று பன்மைக்கு ஒன்று, வேற்றுமைக்கு ஒன்று எனத் தனித்தனியாக ஒட்டலாம். எந்தப் பெயருக்கும் அதே உருபு. குரோஷியத்தில் பால், எண், வேற்றுமை மூன்றும் ஒரே ஈற்றில் கரைந்துவிடும். பிரித்துப் பார்க்கத் தேடினால் கிடைக்காது.

க்ராத் (நகரம், ஆண்பால்) ஒருமையில் இப்படி மாறும்: க்ராத், க்ராத, க்ராது, க்ராத், க்ராதெ, க்ராது, க்ராதொம். ஷென (பெண், பெண்பால்): ஷென, ஷெனெ, ஷெனி, ஷெனு, ஷெனொ, ஷெனி, ஷெனொம். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். அலிபால் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத) சொற்களுக்கு ஸெலோ (கிராமம்): முதல், இரண்டாம், விளி மூன்றும் ஸெலோவாகவே நிற்கும்; மற்றவை க்ராத் போலவே. பன்மையில் தாதீவ், லொக்கதீவ், இன்ஸ்த்ருமெந்தல் மூன்றும் எளிது: க்ராதொவிம, ஷெனம. பன்மை கெனித்தீவ்தான் பிடிவாதமானது. அதை எண்களோடு சேர்த்துப் பழகுவதே வழி, கீழே வருகிறது.

அடைமொழிகளும் கூடவே மாறும். ‘புதிய ஊரில்’ என்றால் தமிழில் ‘புதிய’ அசையாது. அங்கே ஊ நோவொம் க்ராது.

மேஜைக்கு ஆண்பால், புத்தகத்துக்குப் பெண்பால். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சொல்லின் கடைசி ஒலியைப் பாருங்கள். மெய்யில் முடிந்தால் ஆண்பால் (ஸ்தோல், மேஜை), அகரத்தில் முடிந்தால் பெண்பால் (க்ன்யிக, புத்தகம்), ஓ அல்லது எ என்றால் அலிபால் (மோரெ, கடல்). பெரும்பாலான சொற்கள் இதில் அடங்கும்.

விலக்குகளில் முக்கியமானவை மெய்யில் முடியும் பெண்பாற் சொற்கள்: நோச் (இரவு), ஸ்த்வார் (பொருள்), லியூபவ் (காதல்). ஓஸ்த் என்று முடியும் பண்புப்பெயர்கள் அத்தனையும் இந்த வகை: ம்லாதொஸ்த் (இளமை), ராதொஸ்த் (மகிழ்ச்சி). ஆனால் மோஸ்த் (பாலம்), கோஸ்த் (விருந்தாளி) பண்புப்பெயர்கள் அல்ல, அவை ஆண்பாலே. தாத்த (அப்பா) ஷென போலத் திரியும், ஆனாலும் அடைமொழி ஆண்பாலில்தான் நிற்கும்.

‘அண்ணனைப் பார்க்கிறேன்’னா சொல் மாறுது, ‘மேஜையைப் பார்க்கிறேன்’னா மாறல. ஏன்?

விதிம் ப்ராத்த, விதிம் ஸ்தோல். ஆண்பால் ஒருமையில் உயிருள்ள பெயர் என்றால் இரண்டாம் வேற்றுமைக்குக் கெனித்தீவ் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். உயிரற்றது எழுவாய் வடிவிலேயே இருக்கும். தமிழும் இதையே செய்கிறது. ‘புத்தகம் படித்தேன்’ என்று ஐ இல்லாமல் சொல்லலாம், ‘அண்ணன் பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது.

வேறுபாடுகள் இரண்டு. பெண்பாலுக்கு இந்தப் பிரிவு கிடையாது, அகரத்தில் முடியும் சொல் எதுவானாலும் உகர ஈறுதான்: விதிம் ஷெனு, விதிம் க்ன்யிகு. நாயும் மீனைத் தின்னும் பூனையும் குரோஷியத்தில் உயிருள்ளவைதான், திணை பார்ப்பதில்லை. நாய் என்ற பாஸ் இங்கே ப்ஸ ஆகும், நடுவிலிருக்கும் அகரம் ஓடிவிடும்.

ஊ ஷ்கோலு, ஊ ஷ்கோலி ரெண்டுமே பள்ளிக்கூடத்துலதானே?

இல்லை. முன்சொல் ஒன்றே, வேற்றுமை வேறு. பள்ளிக்குப் போகிறேன் என்று இடம் நோக்கிய அசைவு இருந்தால் அக்குஸதீவ்: இதெம் ஊ ஷ்கோலு. பள்ளியில் இருக்கிறேன் என்றால் லொக்கதீவ்: ஊ ஷ்கோலி ஸம். தமிழர்கள் ‘பள்ளிக்கு’ என்பதில் உள்ள கு உருபைப் பார்த்துத் தாதீவைப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் நாங்கள் அதிகம் திருத்தும் பிழை. ‘எங்கே போகிறாய்’ என்பதற்குக் காமோ, ‘எங்கே இருக்கிறாய்’ என்பதற்குக் க்தியே. காமோ கேள்விக்குப் பதில் என்றால் அக்குஸதீவ்.

எல்லா இடத்துக்கும் ஊ பொருந்தாது. தீவு, கடல், வேலை, சந்தை, ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு நா: நா ப்ராச் (ப்ராச் தீவுக்கு), நா ப்ராச்சு (தீவில்), நா மோரெ, நா போஸவொ. இதைச் சரியாகக் கற்றால் ‘இருந்து’ தானாக வந்துவிடும். ஊ போட்ட இடத்திலிருந்து திரும்பினால் இஸ் (இஸ் ஸாக்ரெப), நா போட்ட இடத்திலிருந்து என்றால் ஸ் (ஸ் ப்ராச்ச). இரண்டுக்குப் பிறகும் கெனித்தீவ்.

மனிதர்களிடம் போவது தனிக் கணக்கு. மருத்துவரிடம் போகிறேன்: இதெம் லியெச்னிக்கு, இங்கே தாதீவ் சரி. மருத்துவரிடம் இருந்தேன்: பியோ ஸம் கோத் லியெச்னிக்க, இங்கே கெனித்தீவ். பேச்சில் போவதற்கும் கோத் வைத்தே சொல்வதைக் கேட்பீர்கள், தேர்வில் எழுதாதீர்கள்.

பேனாவால எழுதுறேன், நண்பனோட போறேன். ரெண்டுக்கும் ஸ் போடணுமா?

‘ஓடு’ என்ற பொருள் தரும் இந்த ஸ், கருவிக்கு வேண்டாம், துணைக்கு வேண்டும். பிஷெம் ஓலொவ்கொம் (பென்சிலால் எழுதுகிறேன்), இதெம் ஸ் ப்ரியத்தெல்யெம் (நண்பனோடு போகிறேன்). நம் மூன்றாம் வேற்றுமையில் ஆல், ஓடு என்று உருபு பிரிவது போல, இங்கே ஸ் இருப்பதும் இல்லாததும் பிரிக்கிறது. வாகனமும் கருவிதான்: புத்துயெம் வ்லாக்கொம், ரயிலில் பயணம் செய்கிறேன். தமிழில் ‘ரயிலில்’ என்கிறோமே என்று லொக்கதீவைப் போட்டால், ரயிலுக்குள் எங்கோ இருக்கிறேன் என்ற பொருள்தான் வரும்.

‘எனக்குக் குளிருது’, ‘எனக்குப் பிடிக்கும்’ மாதிரி வாக்கியங்கள் அங்கயும் உண்டா?

உண்டு. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறும் இந்த இடம் நமக்கு இலவசம். ஹ்லாத்னொ மி யெ: எனக்குக் குளிருகிறது. ஸ்விஜ மி ஸெ: எனக்குப் பிடிக்கிறது. த்ரேப மி: எனக்கு வேண்டும். ஸ்பாவ மி ஸெ: எனக்குத் தூக்கம் வருகிறது. எல்லாவற்றிலும் மி என்பது ‘எனக்கு’.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கு உருபை மாற்ற முடியாது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது போலி மெ க்லாவ. மெ என்றால் ‘என்னை’. ‘நாய்க்குப் பயப்படுகிறேன்’ என்பதில் கெனித்தீவ்: போயிம் ஸெ ப்ஸ. ‘அண்ணனிடம் கேட்கிறேன்’ என்பதில் அக்குஸதீவ்: பித்தம் ப்ராத்த. ‘அண்ணனுக்கு உதவுகிறேன்’ மட்டும் நம்மைப் போலவே தாதீவ்: போமாஷெம் ப்ராத்து. வினையைக் குறித்துக்கொள்ளும்போதே அது கேட்கும் வேற்றுமையையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரெண்டுக்கு ஒரு வடிவம், அஞ்சுக்கு வேற வடிவமாமே?

ஆமாம். 1 வந்தால் ஒருமை: யேதன் க்ராத். 2, 3, 4 வந்தால் ஆண்பாலிலும் அலிபாலிலும் கெனித்தீவ் ஒருமை போன்ற வடிவம்: த்வா க்ராத, பெண்பாலுக்கு த்வியே ஷெனெ. 5 முதல் 20 வரை பன்மைக் கெனித்தீவ்: பெத் க்ராதொவ, பெத் ஷென. 21இல் மீண்டும் ஒருமை, 22இல் த்வா போல, 25இல் பெத் போல. கடைசி இலக்கம்தான் தீர்மானிக்கும். 11 முதல் 14 வரை மட்டும் விலக்கு.

2023 ஜனவரியில் யூரோ வந்ததிலிருந்து கடை விலைகள் கற்பவர்களை ஏமாற்றுகின்றன. த்வா எஊர, பெத் எஊர, இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பழைய நாணயமான குனாவில் த்வியே கூனெ, பெத் கூன என்று வேறுபாடு காதில் விழும். எனவே விலையைச் சொல்லிப் பழகுவதோடு நிற்காமல் நகரம், பெண், புத்தகம் ஆகியவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

பெத் போன்ற எண் எழுவாயாக வந்தால் வினை அலிபால் ஒருமைக்குப் போய்விடும்: பெத் ஸ்துதெனத்த யெ தோஷ்லொ, ஐந்து மாணவர்கள் வந்தார்கள்.

ரூக்க (கை) ரூத்ஸி ஆகுது, க்ன்யிக க்ன்யிஸி ஆகுது. இதுக்கு விதி உண்டா?

இகர ஈற்றுக்கு முன்னால் க வகை ஒலிகளும் ஹகரமும் திரியும். பெண்பாலில் தாதீவ், லொக்கதீவ் இரண்டிலும், ஆண்பாலில் பன்மை எழுவாயிலும் இது நடக்கும்: வோய்னிக் (படைவீரன்), வோய்னித்ஸி. அமெரிக்காவில் என்பது ஊ அமெரித்ஸி. பாக்க (பாட்டி) போன்ற சொற்கள் திரியாமல் பாக்கி என்றே நிற்கும். லூக்க போன்ற ஆட்பெயர்களும் அப்படியே. விளியில் வேறு திரிபு: ச்சோவியெக் (மனிதன்) என்பது ச்சோவியெச்செ.

ஒவ்வொரு வினைக்கும் ரெண்டு வினை படிக்கணும்கிறாங்க. எதுக்கு?

இதுதான் குரோஷிய வினையின் உயிர். ஒரே செயலை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். நடந்துகொண்டிருப்பதாக, வழக்கமாக, எல்லை காட்டாமல் பார்த்தால் தொடர்வினை. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழுமையாகப் பார்த்தால் முடிவுவினை. (நம் இலக்கணத்தின் வினைமுற்றோடு இதைக் குழப்ப வேண்டாம்.) பிஸத்தி, நபிஸத்தி: எழுதுவது, எழுதி முடிப்பது. இது காலம் அல்ல. இரண்டுமே இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் வரும்.

தேர்வை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பொலாகவொ ஸம் இஸ்பித்: தேர்வு எழுதினேன், முடிவைப் பற்றிப் பேச்சில்லை. பொலோஷியொ ஸம் இஸ்பித்: தேர்ச்சி பெற்றேன். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அம்மா ஏன் வாழ்த்தவில்லை என்று யோசித்துப் பயனில்லை. அதேபோல் ஊச்சியொ ஸம்: படித்தேன், நாஊச்சியொ ஸம்: படித்துத் தேறினேன்.

‘எழுதிவிட்டேன்’னா முடிவுவினை, ‘எழுதிக்கொண்டிருந்தேன்’னா தொடர்வினை. சரியா?

தொடக்கத்துக்குச் சரி, ஆறு மாதம் கழித்துக் காலை வாரும். ‘நேற்று அந்தப் புத்தகத்தைப் படித்தேன்’ என்ற வாக்கியத்தில் தமிழ் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. குரோஷியம் தேர்ந்தெடுத்தே தீரும். முழுவதும் முடித்தால் ப்ரோச்சித்தவொ, கொஞ்ச நேரம் படித்திருந்தால் ச்சித்தவொ. ‘தினமும் கடிதம் எழுதினேன்’ என்றால் ஒவ்வொன்றையும் முடித்திருந்தாலும் பழக்கம் என்பதால் தொடர்வினைதான் இயல்பு.

சந்தேகம் வந்தால் மூன்று சோதனைகள். தொடங்கினேன், நிறுத்தினேன், தொடர்ந்தேன் ஆகியவற்றுக்குப் பிறகு தொடர்வினை மட்டுமே வரும்: பொச்சேயொ ஸம் பிஸத்தி. இதற்கு விலக்கே இல்லை. ‘ஒரு மணி நேரம்’ என்ற அளவு வந்தால் தொடர்வினை, ‘ஒரு மணி நேரத்துக்குள்’ என்றால் முடிவுவினை: ச்சித்தவொ ஸம் ஸாத் வ்ரெமென, ஆனால் ப்ரோச்சித்தவொ ஸம் க்ன்யிகு ஸ ஸாத் வ்ரெமென. தோக் (போது) வந்தால் தொடர்வினை; தோக் நெ (வரை) வந்தால் பெரும்பாலும் முடிவுவினை: ச்சேக்கய் தோக் நெ தோஜெம், நான் வரும்வரை காத்திரு.

ஜோடியில எது எதுன்னு பார்த்தாலே தெரியுமா?

பாதி தெரியும். எளிய வினைக்கு முன்னொட்டு சேர்ந்தால் முடிவுவினை ஆகும்: பித்தி, பொபித்தி (குடி). எந்த முன்னொட்டு என்பதற்கு விதி கிடையாது. ஜோடியாகவே படிக்க வேண்டும். முன்னொட்டு சில நேரம் பொருளையே மாற்றிவிடும்: ப்ரெபிஸத்தி என்றால் பார்த்து எழுது, பொத்பிஸத்தி என்றால் கையெழுத்திடு. அப்படிப் பொருள் மாறியதற்குத் தொடர்வினை வேண்டுமென்றால் நடுவில் இவ சேரும்: ப்ரெபிஸிவத்தி, பொத்பிஸிவத்தி. ஆகவே சொல்லின் நடுவே இவ, ஒவ, அவ வந்தால் தொடர்வினை என்று ஊகிக்கலாம்: கூப்பித்தி முடிவு, கூப்பொவத்தி தொடர் (வாங்கு).

முற்றிலும் வேறு வேரிலிருந்து வரும் ஜோடியும் உண்டு: கொவோரித்தி, ரெச்சி (சொல்). ஒரே வினை இரண்டு வேலையும் செய்வதும் உண்டு: ரூச்சத்தி (மதிய உணவு உண்), விதியெத்தி (பார்), தெலெஃபொனீரத்தி போன்ற கடன்சொற்கள்.

முடிவுவினையை நிகழ்காலத்துல சொல்லவே கூடாதா?

‘இப்போது’ என்ற பொருளில் கூடாது. என்ன செய்கிறாய் என்று கேட்டால் பிஷெம் என்றுதான் பதில். நபிஷெம் என்றால் வாக்கியம் பாதியில் நிற்பதுபோல் இருக்கும். ஆனால் அந்த வடிவம் வீண் அல்ல. ‘வந்ததும்’, ‘வந்தால்’ போன்ற உட்தொடர்களில் அதுவே வரும்: காத் தோஜெம் கூச்சி, நாஸ்வத் ச்சு தெ, வீட்டுக்கு வந்ததும் உன்னை அழைக்கிறேன். தினமும் காலையில் காப்பி குடித்து முடிக்கிறேன் என்று முழுமையை அழுத்திச் சொல்லவும் வரலாம்: ஸ்வாக்கொ யூத்ரொ பொபியெம் காவு.

‘ஜன்னலைத் திற’, ‘திறக்காதே’ ரெண்டுக்கும் ஏன் வேற வினை?

ஒத்வோரி ப்ரோஸொர் என்று ஏவும்போது ஒரே முறை முடிய வேண்டிய செயல், எனவே முடிவுவினை. விலக்கும்போது தொடர்வினை: நெ ஒத்வாரய். நேமொய் ஒத்வாரத்தி என்றும் சொல்லலாம். பேச்சில் இதுவே அதிகம். தெரியாமல் நடந்துவிடக்கூடியதைப் பற்றி எச்சரித்தால் மட்டும் முடிவுவினை வரும்: நேமொய் ஸபொராவித்தி, மறந்துவிடாதே.

காலம் ஏழாம். எல்லாம் வேணுமா?

பேச மூன்று போதும்: ப்ரேஸெந்த் (நிகழ்), பெர்ஃபெக்த் (இறந்த), முதல் ஃபுத்தூர் (எதிர்). கூடவே கடையில் பணிவாகக் கேட்க ஹ்தியொ பிஹ் (பெண் என்றால் ஹ்தியெல பிஹ்). ஆஒரிஸ்த் (இன்னோர் இறந்தகால வடிவம்) கதைகளிலும், சுருக்கமாக இருப்பதால் குறுஞ்செய்திகளிலும் உயிரோடு இருக்கிறது: ஓதொஹ், கிளம்பிட்டேன். இம்பெர்ஃபெக்த் (அதுவும் இறந்தகாலம்தான்) புத்தகத்தில் மட்டும். படித்தால் புரிந்தால் போதும்.

பெர்ஃபெக்தில் பாலைக் காட்ட வேண்டும், தன்மையிலும்கூட. வேலை செய்தேன் என்று ஆண் ராதியொ ஸம் என்பார், பெண் ராதில ஸம் என்பார். மரியாதையாக ‘நீங்கள்’ (வீ) என்று ஒரு பெண்ணை விளித்தாலும் வினை ஆண்பால் பன்மையில்: வீ ஸ்தெ தோஷ்லி.

எதிர்காலத்துல ‘இ’ எங்க போச்சு? ரெண்டாவது ஃபுத்தூர் எதுக்கு?

மூல வடிவம் ச்சு, ச்செஷ், ச்செ ஆகியவற்றுக்கு முன்னால் வந்தால் கடைசி இகரம் விழும்: ராதித் ச்சு. உச்சரிப்பில் தகரமும் மறைந்து ராதிச்சு என்று கேட்கும், எழுத்தில் பிரித்தே இருக்கும். பின்னால் வந்தால் விழாது: யா ச்சு ராதித்தி. ச்சி என்று முடியும் வினைகள் எப்போதும் முழுசாக நிற்கும்: தோச்சி ச்சு.

இரண்டாவது ஃபுத்தூர் எதிர்கால நிபந்தனைக்கு: ஆக்கொ பூதெம் இமவொ வ்ரெமென, தோச்சி ச்சு, நேரம் இருந்தால் வருவேன். தொடர்வினைகளுக்குத்தான் இது தேவை. முடிவுவினை என்றால் முன்பு சொன்ன நிகழ்கால வடிவமே போதும்.

ஸம், மு, ஸெ மாதிரி குட்டிச் சொற்களை எங்க வைக்கிறதுன்னே தெரியல.

இவை தனியாக நிற்கும் வலு இல்லாதவை. வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் கூட்டமாகச் சேரும். வாக்கியத்தை இவற்றில் தொடங்கவே கூடாது. ‘நான்’ என்பதை விட்டுவிட்டால் வினை முன்னால் வர வேண்டும்: தோஷவொ ஸம். நேற்று என்று தொடங்கினால் யூச்செர் ஸம் தோஷவொ. த, யெர், காத் போன்ற இணைப்புச் சொற்கள் முதல் இடமாகக் கணக்காகும். இ, ஆ (உம், ஆனால்) ஆகாது, அவற்றுக்குப் பின் இன்னொரு சொல் வேண்டும்.

கூட்டத்துக்குள் வரிசை மாறாது: முதலில் கேள்விக்குரிய லி, அடுத்து ஸம், ச்சு, பிஹ் போன்ற துணைவினைகள், பிறகு ‘எனக்கு, அவனுக்கு’, பிறகு ‘என்னை, அவனை’, பிறகு ஸெ, கடைசியில் யெ. யெ துணைவினைதான், ஆனாலும் அது மட்டும் கடைசிக்குப் போய்விடும். அதை அவனுக்குக் கொடுத்தேன்: தாவொ ஸம் மு க. கொடுத்தான்: தாவொ மு க யெ.

யெ வரும் இடத்தில் இரண்டு சின்ன மாற்றங்கள். ஸெ முன்னால் இருந்தால் யெ பெரும்பாலும் விழுந்துவிடும்: வ்ராத்தியொ ஸெ, திரும்பி வந்தான். ‘அவளை’ என்பதும் யெ தான். இரண்டு யெ அடுத்தடுத்து வந்தால் அவளைக் குறிப்பது யூ ஆகும்: விதியொ யூ யெ, அவளைப் பார்த்தான்.